இன்னிலை: ஏடா? ஏமாற்றா?

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களின் பெயர்களைச் சொல்லுக என்று தமிழாசிரியர் கேட்டால், பதினேழு பெயர்களைத் தடையின்றிச் சொல்லிவிடுகிறோம். நாலடியார், நான்மணிக்கடிகை என்று தொடங்கி ஏலாதி வரையில் குரல் கணீரென்று ஒலிக்கிறது. பதினெட்டாம் பெயருக்கு வரும்போதுதான் சற்றே இறங்குகிறது. 'கைந்நிலை' என்கிறான் ஒருவன். 'இன்னிலை' என்கிறாள் ஒருத்தி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, எதை எழுதினாலும் மதிப்பெண் உண்டு என்று ஆறுதல் கூறும் வழிகாட்டி நூல்களும் கடைத்தெருவில் கிடைக்கின்றன. மதிப்பெண் கிடைக்கலாம். ஆனால் இது அண்ணன் பெரியவனா, தம்பி பெரியவனா என்பது போன்ற பங்காளி வழக்கு அன்று. ஒன்று, செல்லரித்துச் சிதைந்து வந்து சேர்ந்த பழைய நூல். மற்றொன்று, என் கருத்தில், நூறாண்டுகளுக்குச் சற்று முன்னர் கைதேர்ந்த புலவர் ஒருவர் புதிதாகப் பாடி, பழமை என்னும் போர்வையைப் போர்த்தி அனுப்பிய நூல். இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் 'பாடவேறுபாடு' என்று சொல்லி நகர்ந்துவிடுவது படித்தவர்க்கு அழகாகாது என்பதே என் கட்சி. மாறுபட்ட கருத்துடைய நண்பர்கள் அடுத்த ஆண்டு மலரில் மறுத்து எழுதட்டும், மகிழ்ச்சியோடு படிப்பேன்.

குழப்பம் எங்கே பிறந்தது? பதினெட்டு நூல்களையும் எண்ணிச் சொல்லும் பழைய வெண்பா ஒன்று உண்டென்பதை நாம் எல்லோரும் அறிவோம். அவ்வெண்பாவின் பின்பகுதியில் 'இன்னிலைய' என்றொரு சொல் வருகிறது. ஈற்றடியில் 'கைந்நிலைய' என்றொரு சொல் வருகிறது. இவற்றுள் ஒன்று நூற்பெயர். மற்றொன்று வெறும் அடைமொழி. இனிய நிலையையுடைய காஞ்சி என்று பொருள் கொண்டால், இன்னிலை என்றொரு நூலே இல்லை. ஒழுக்க நிலையையுடைய கீழ்க்கணக்கு என்று பொருள் கொண்டால், கைந்நிலை என்றொரு நூல் இல்லை. வெண்பாவை மட்டும் வைத்துக்கொண்டு இருபுறமும் எத்தனை நாள் வேண்டுமானாலும் வழக்காடலாம். அதிலும் ஏடெழுதுவோர் தம் மனம்போல் மாற்றிய பாடங்கள் வேறு உண்டு. ஆகவே பட்டியலில் ஓர் இடம் காலியாகக் கிடந்தது. வேலை காலி என்று விளம்பரம் வந்தால் தகுதியுள்ளவனும் வருவான். பொய்ச்சான்றிதழோடு ஒருவனும் வருவான் அல்லவா?

அக்காலத்தின் வேகத்தையும் நாம் நினைத்துப் பார்க்கவேண்டும். 1887-இல் சீவகசிந்தாமணி அச்சேறியது. அதே ஆண்டில் சி. வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகைப் பதிப்பு வந்தது. பின்னர் 1889-இல் பத்துப்பாட்டு, 1892-இல் சிலப்பதிகாரம், 1894-இல் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என்று உ. வே. சாமிநாதையர் ஒவ்வொன்றாகத் தந்தார். ஒரு தலைமுறைக்குள் தமிழனுக்கு ஆயிரமாண்டுச் சொத்து கைக்கு வந்தது. இன்னும் என்னென்ன பரணில் கிடக்கின்றனவோ என்ற ஏக்கம் நாடெங்கும் பரவிற்று. அந்த ஏக்கம் தூயது. ஆனால் ஏக்கம் உள்ள இடத்தில்தான் ஏமாற்றும் புகும். கடல்கொண்ட நாட்டின் கதை என்று சொல்லிச் 'செங்கோன் தரைச்செலவு' வெளிவந்ததும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். குமரிக்கண்டத்தில் ஆசை வைத்தவர்கள் அதை அள்ளி அணைத்துக்கொண்டார்கள். ஏட்டாராய்ச்சியில் பழகியவர்கள் தள்ளி வைத்தார்கள்.

இச்சூழலில்தான் 1917-இல் இன்னிலை அச்சாயிற்று. பதிப்பித்தவர் யார்? கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளை! இங்கேதான் நம்மில் பலர்க்கு நா எழுவதில்லை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியவர்; 1908-இல் சிறை புகுந்து, செக்கிழுத்து, 1912-இல் வெளியே வந்தவர்; வழக்கறிஞர் தொழிலும் செல்வமும் பறிபோன வறுமையிலும் தமிழ்நூல்களைத் தேடி அச்சிட்டவர். அவர் பதிப்பித்த நூலைப் போலி என்பதா என்று மனம் துணுக்குறுகிறது. ஆனால் பொய்நாணயம் ஒன்று நல்லவர் கை வழியே நமக்கு வந்தால், நாணயம் நல்லதாகிவிடுமா? அவர் நம்பி வாங்கினார்; நம்பிக் கொடுத்தார். அதே 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையை அச்சிட்டவரும் அவரே. தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையை உலகறியச் செய்வதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அப்பெருமைகளில் ஒரு குன்றிமணியும் இதனால் குறைவதில்லை. அவருக்கு ஏடு தந்தவர் இன்னார் என்று ஆராய்ச்சியாளர் சிலர் பெயர் குறித்தே எழுதியுள்ளனர். அவர் எழுந்து வந்து தம் கட்சியைச் சொல்ல இயலாதாகையால் அப்பெயரை நான் இங்கே எழுதவில்லை. நூலே போதிய சாட்சி சொல்கிறது.

அந்த நூலைச் சற்றுப் பார்ப்போம். நாற்பத்தைந்து வெண்பாக்கள். அறம் பத்து, பொருள் ஒன்பது, இன்பம் பன்னிரண்டு, வீடு பதினான்கு. இயற்றியவர் பொய்கையார், கடவுள் வாழ்த்துப் பாடியவர் பாரதம் பாடிய பெருந்தேவனார், தொகுத்தவர் மதுரையாசிரியர். எத்துணைப் பொருத்தம்! களவழி நாற்பது பாடியவர் என்று புகழ்பெற்ற பெயர் ஆசிரியர்க்கு. எட்டுத்தொகை நூல்களுக்குக் கடவுள் வாழ்த்துப் பாடிய பெயர் வாழ்த்துக்கு. மதுரை என்ற ஊர்ப்பெயர் தொகுப்புக்கு. கல்லூரியில் சேர வருகிற மாணவன் ஒருவன் தன் சான்றிதழில் தலைமையாசிரியர், தாசில்தார், மாவட்ட ஆட்சியர் மூவரிடமும் கையெழுத்து வாங்கி வந்தால் அலுவலகத்தில் என்ன நினைப்பார்கள்? இவனுக்கு எதற்கு இவ்வளவு என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு முறைக்கு இரு முறை உற்றுப் பார்ப்பார்கள்.

அதிலும் 'தொகுத்தவர்' என்ற சொல்லை நான் விடமாட்டேன். புலவர் பலர் பாடிய பாட்டுகளை ஒன்றுசேர்க்கத்தான் தொகுப்பாசிரியர் வேண்டும். நாலடியாரைப் பதுமனார் தொகுத்தார் என்பர். அது பலர் பாடியது என்ற மரபு இருப்பதால் பொருந்துகிறது. பொய்கையார் ஒருவரே அறம் முதல் வீடு ஈறாகத் திட்டமிட்டுப் பாடிய நூலுக்குத் தொகுத்தவர் எதற்கு? சங்கத் தொகைநூல்களின் இறுதியில் தொகுத்தார் பெயர், தொகுப்பித்தார் பெயர் காணப்படுவதைப் பார்த்த ஒருவர், பழைய நூல் என்றால் அப்படியொரு வரி இருக்கவேண்டும் போலும் என்று சேர்த்துவிட்டார். இதுதான் எனக்குத் தோன்றுவது. பொய் எப்போதும் தேவைக்கு மேல் ஒரு வரி பேசிவிடுகிறது.

இனிக் கைந்நிலையைப் பாருங்கள். 1931-இல் இ. வை. அனந்தராமையர் அதைப் பதிப்பித்தார். ஐந்து திணைக்கும் பன்னிரண்டு பன்னிரண்டாக அறுபது வெண்பாக்கள். அதனால் ஐந்திணை அறுபது என்றும் அதற்குப் பெயருண்டு. ஆனால் அறுபதும் முழுமையாக நம்மிடம் வந்து சேரவில்லை. பதினெட்டுப் பாடல்கள் சிதைந்துள்ளன. அவற்றுள்ளும் இருபத்தாறாம் பாட்டு முதல் முப்பத்தைந்தாம் பாட்டு வரை பத்துப் பாட்டுகள் தொடர்ச்சியாகச் சிதைந்திருக்கின்றன. ஓலைச்சுவடியைக் கையில் எடுத்துப் பார்த்தவர்க்கு இதன் பொருள் விளங்கும். ஓலை ஒடிந்தால் ஒரு சொல் மட்டும் போகாது. அடுத்தடுத்த வரிகளும் அடுத்தடுத்த பாட்டுகளும் சேர்ந்தே போகும். பூச்சி துளைத்தால் ஓர் ஏட்டோடு நிற்காது. கீழேயுள்ள ஏட்டையும் துளைத்துக்கொண்டு போகும். கைந்நிலை காயம்பட்ட விதம் ஓலை காயப்படும் விதமாகவே இருக்கிறது. இன்னிலையோ நாற்பத்தைந்தும் நலமாக, நேற்றுத்தான் குளித்து முழுகியதுபோல் வந்து நிற்கிறது.

ஆசிரியர் பெயரையும் ஒப்பிடுவோம். கைந்நிலையைப் பாடியவர் புல்லங்காடனார் என்றும், அவர் மாறோக்கத்து முள்ளிநாட்டு நல்லூர்க் காவிதியாரின் மகனார் என்றும் அந்நூலின் இறுதிக்குறிப்பே சொல்கிறது. மாறோக்கம் என்பது கொற்கையைச் சூழ்ந்த நாடு என்பர். நமக்கு அடுத்த வீட்டுக்காரர்தான். வேறெங்கும் புகழப்படாத பெயர். பொய்நூல் செய்கிறவன் புல்லங்காடனாரைத் தேடிப் போவானா? கபிலர், பரணர், பொய்கையார் என்றல்லவா போவான்?

சிதைவையும் போலியாகச் செய்யலாமே, ஓட்டை விழுந்ததாக இடைவெளி விட்டு எழுதலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சிதைவு மட்டும் ஒரு நூலை மெய்ந்நூலாக்கிவிடாது. சிதைவு, எளிய இறுதிக்குறிப்பு, அகப்பொருள் மரபோடு பொருந்தும் அமைப்பு, பட்டியல் வெண்பாவின் ஈற்றில் நிற்கும் பெயர் ஆகிய நான்கும் ஒரே திசையைக் காட்டுவதால்தான் அறிஞர் பெரும்பாலோர் இன்று கைந்நிலையை ஏற்கின்றனர்.

இன்னிலைக்காக வாதிடுவோர் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பழைய உரையாசிரியர் காட்டும் மேற்கோள், இன்னிலையில் காணப்படுகிறதே என்பது அவர்களுடைய வலுவான வாதம். கேட்பதற்குத் திடமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இதைச் சற்றுத் திருப்பிப் பார்க்கலாம். பழைய உரைகளில் நூற்பெயர் சொல்லாமல் எத்தனையோ வெண்பாக்கள் அநாதைகளாகக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றிரண்டை எடுத்துப் புதிய நூலுக்குள் பதித்துவிட்டால், பார்த்தீர்களா, உரையாசிரியரே எங்கள் நூலை எடுத்தாண்டிருக்கிறார் என்று பின்னர்ச் சொல்லிக்கொள்ளலாம். உரைகாரர் நூற்பெயரையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் மட்டுமே அது நூலுக்குச் சான்று. இல்லையேல் அந்த ஒரு வெண்பா பழையது என்பதற்கு மட்டுமே சான்று. திருட்டு மாட்டு மந்தையில் ஒரு மாட்டுக்குச் சூட்டுக்குறி சரியாக இருப்பதால் மந்தை முழுவதும் அவனுடையதாகிவிடாது. இரண்டாவது வாதம், நடை கடினமாக, சொற்கள் அரியனவாக இருப்பதால் நூல் பழமையானது என்பது. இதை நான் ஏற்க முடியவில்லை. கீழ்க்கணக்கு அறநூல்கள் மனப்பாடம் செய்வதற்காகப் பாடப்பட்டவை. நாலடியாரும் பழமொழியும் அடி வாங்கியாவது சிறுவர் மனத்தில் தங்கின. இன்னிலையில் நிகண்டைத் திறந்து வைத்துக்கொண்டு சொல் பொறுக்கிய வாடை வீசுகிறது. புதுப்பாத்திரத்துக்குப் புளிபோட்டுத் தேய்க்காமல் கரிபூசிப் பழம்பாத்திரம் என்று விற்பதுபோன்ற கடினம் அது. இது என் செவிக்குத் தோன்றுவது. மற்றவர் செவி மாறுபடலாம். செவியைப் பற்றிப் பின்னர் வருகிறேன்.

இத்தனை வாதம் எதற்கு, ஏட்டை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி வயதைக் கண்டுவிட்டால் போயிற்று என்று நம் அறிவியல் துறை நண்பர்கள் சொல்வார்கள். மேலைநாட்டில் அப்படிச் செய்துதான் பார்த்தார்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் இரண்டு விந்தைகள் உள்ளன. ஒன்று, எவராலும் படிக்க முடியாத எழுத்தில் எழுதப்பட்ட வாய்னிச் சுவடி. பழம்புத்தக வணிகர் வாய்னிச் 1912-இல் அதை வாங்கினார். அவரே செய்த போலி என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். 2009-இல் கரிமக் கணக்கீடு செய்தபோது அதன் தோல் 1404-க்கும் 1438-க்கும் இடைப்பட்டது என்று தெரிந்தது. வணிகர்மீதிருந்த ஐயம் பெரும்பாலும் விலகியது. எழுத்தின் பொருள் மட்டும் இன்னும் விலகி நிற்கிறது. மற்றொன்று, கொலம்பசுக்கு முன்பே அமெரிக்கக் கரையைக் காட்டியதாகப் பெயர்பெற்ற வின்லாந்து வரைபடம். அதன் தோலும் பதினைந்தாம் நூற்றாண்டினதுதான். ஆனால் கோட்டின் மையில் இருபதாம் நூற்றாண்டில் பயனுக்கு வந்த டைட்டானியச் சேர்மம் இருந்தது. போலி என்று 2021-இல் யேல் பல்கலைக்கழகமே அறிவித்துவிட்டது. தோல் பழையது, பொய் புதியது.

நம் நிலைமை இன்னும் சிக்கலானது. பனையோலை நம் வெப்பத்திலும் ஈரத்திலும் இருநூறு, முந்நூறு ஆண்டு தாங்கினாலே பெரிது. பழுதான ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுத்துவிட்டுப் பழையதை ஆற்றில் விட்டார்கள். ஆகவே சங்கநூல்களே நமக்குப் பெரும்பாலும் பிற்கால ஓலைகளில்தான் கிடைத்தன. ஓலையின் வயதைக் கண்டால் படியெடுத்தவன் காலம் தெரியுமே ஒழியப் பாடியவன் காலம் தெரியாது. போதாக்குறைக்கு, கடந்த முந்நூறு ஆண்டுக்குள் வெட்டப்பட்ட ஓலையாக இருந்தால் கரிமக் கணக்கீடும் திட்டமாக விடை சொல்லாது. மெய்யான சங்கப்பாட்டு இளைய ஓலையில் இருக்கும். பொய்யான பாட்டு மூத்த ஓலையிலும் எழுதப்படலாம். அதனால்தான் தமிழில், 'இந்த ஏடு யார் வீட்டிலிருந்தது? யார் எழுதியது? இதற்கு இரண்டாவது ஏடு உண்டா?' என்ற கேள்விகள் ஆய்வுக்கூடத்தைவிடப் பெரிதாகின்றன. இன்னிலையின் பக்கம் நிற்போர் இரண்டாவது ஏடு ஒன்றை இன்றுவரை காட்டவில்லை.

புதியது என்பதால் நான் ஒரு நூலை இழிவு செய்வதாக எண்ணவேண்டா. நம் தென்காசிக் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த காசிவிசுவநாதர் கோயில் அது. கோபுரம் இடிந்து, பல்லாண்டுகள் மொட்டையாக நின்றது. இன்று ஒன்பது நிலையோடு வானளாவ நிற்பது 1990-இல் குடமுழுக்குக் கண்ட புதுக்கோபுரம். சிவந்தி ஆதித்தனார் முன்னின்று கட்டுவித்தார் என்பது ஊரறிந்த செய்தி. அதை யாராவது போலிக்கோபுரம் என்கிறோமா? இல்லை, ஏனென்றால் எது பாண்டியன் கல், எது நம் காலத்துச் சுதை என்பதை எவரும் மறைக்கவில்லை. அதே கோபுரத்தைக் கட்டிவிட்டு, இது அன்றே இப்படியே இருந்தது என்று ஒருவர் பொய்க்கல்வெட்டு ஒன்றைப் பதித்திருந்தால்? அப்போதுதான் குற்றம். இன்னிலையைப் பாடிய புலவர் தம் பெயரிட்டு 1917-இல் வெளியிட்டிருந்தால், வெண்பாப் பாடுவதில் வல்லவர் ஒருவர் இருந்தார் என்று நாம் பாராட்டியிருப்போம். பொய்கையாருக்குப் பெயரைக் கொடுத்தார். தம் பெயரை இழந்தார். போலி செய்கிறவனுக்குக் கிடைக்கும் தண்டனைகளில் இது சிறியதன்று.

செவியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். மெய்ந்நூல் எது, இடைச்செருகல் எது என்று செவியாலேயே தீர்ப்புச் சொன்ன ஒரு பெரியவர் நம் குற்றாலத்தில் வாழ்ந்தார். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரைத்தான் சொல்கிறேன். இராஜாஜியும் கல்கியும் அருவியில் குளித்ததோடு அவர் வீட்டுத் திண்ணையில் கம்பனிலும் குளித்துப் போனார்கள். 1954-இல் அவர் குற்றாலத்திலேயே மறைந்தார். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கம்பராமாயணப் பாடல்களில் கம்பன் பாடியவை ஒரு பகுதியே. மற்றவை வேறு கைகள் சேர்த்தவை என்பது அவர் கொள்கை. தம் செவிக்கு ஒத்தவற்றைத் தேர்ந்து, சில இடங்களில் சொல்லையும் மாற்றி, 'கம்பர் தரும் ராமாயணம்' என்று வெளியிட்டார். எந்த ஏட்டில் அந்தப் பாடம் இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு ஏட்டைக் காட்டவில்லை. கவியின் இதயத்தைக் காட்டினார்.

மறுபுறம் பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை. அவரும் நெல்லைச் சீமைக்காரர். 1926 முதல் பத்தாண்டு தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்தவர். ஏடு இல்லாமல் ஓர் எழுத்தையும் நகர்த்தமாட்டார். இன்னிலையை அண்மைக்காலப் போலி என்று ஒதுக்கியவர்களில் அவர் முதன்மையானவர். அதே வையாபுரிப்பிள்ளை வ. உ. சி.யின் நண்பர், தொல்காப்பிய இளம்பூரணப் பதிப்பில் அவரோடு தோள் கொடுத்தவர் என்பதையும் மறக்கலாகாது. நட்பு வேறு, நூலின் வயது வேறு என்று பிரித்துப் பார்க்க அவரால் முடிந்தது. வ. உ. சி., டி. கே. சி., வையாபுரிப்பிள்ளை மூவரும் சட்டம் படித்தவர்கள் என்பது வேடிக்கையான ஒற்றுமை. ஒருவர் ஆவணத்தை நம்பினார். ஒருவர் சாட்சியின் குரலை நம்பினார். ஒருவர் ஆவணத்தைக் குறுக்கு விசாரணை செய்தார்.

நான் மூன்றாமவர் பக்கம். டி. கே. சி.யின் செவி நுட்பமானது; ஐயமில்லை. தமிழ்ப்பாட்டை உரக்கப் படிக்கவேண்டும் என்று நமக்குக் கற்பித்தவர் அவர். ஆனால் தமக்குப் பிடிக்காத பாட்டு கம்பனுடையதன்று என்று சொல்லத் தொடங்கினால், கம்பன் மறைந்து நாம்தான் மிஞ்சுவோம். பெருங்கவிஞனும் சில நாள் சோர்ந்து பாடியிருப்பான். அவனுக்கு அந்த உரிமையும் இல்லையா? போலி நூலுக்குச் சான்றில்லாத பாட்டைச் சேர்ப்பது ஒரு பிழை என்றால், சான்றில்லாமல் ஒரு பாட்டைக் கழிப்பதும் அதே வகைப் பிழைதான். ரசிகமணி மிகவும் விரும்பிய முத்தொள்ளாயிரத்தையே பாருங்கள். இன்று நமக்குக் கிடைத்திருக்கும் அந்நூற் பாட்டுகளைப் பெரும்பாலும் காத்துத் தந்தது புறத்திரட்டு என்னும் தொகைநூல். அப்புறத்திரட்டை ஏடுகளோடு ஒப்பிட்டு அச்சேற்றியவர் வையாபுரிப்பிள்ளை. செவி சுவைப்பதற்கு முன்னால் கண் ஏட்டைக் காக்கவேண்டியிருக்கிறது.

இனி, இந்த வழக்கில் நமக்கு என்ன நட்டம், ஒரு பெயர் இருந்தால் என்ன, போனால் என்ன என்பாரும் உளர். நட்டம் பெரிது. சான்று கேட்ட குற்றத்துக்காக வையாபுரிப்பிள்ளையைத் தமிழ்ப்பகைவர் என்று தூற்றினார்கள். அவர் குறித்த காலங்கள் எல்லாம் சரி என்று நானும் சொல்லமாட்டேன். சில நூல்களை அளவுக்கு மீறிப் பின்னுக்குத் தள்ளினார் என்றே எண்ணுகிறேன். ஆனால் தவறான விடைக்கு மறுப்பு வேறு, கேள்வி கேட்டவன்மீது வசை வேறு. வகுப்பறையில் ஒரு மாணவி எழுந்து, 'ஐயா, இந்த நூல் உண்மையிலேயே பழையதுதானா?' என்று கேட்டால், அவளுடைய தமிழ்ப்பற்றை நாம் அளந்து பார்க்கிறோமா, அல்லது சான்றை எடுத்து வைக்கிறோமா? போலிநூலுக்கு இடம் கொடுத்த பட்டியலைப் பார்க்கிற அயலான், மெய்ந்நூல்களையும் ஐயக்கண்ணோடு பார்ப்பான். பதினேழு நல்ல நாணயத்தோடு ஒரு செல்லாக்காசைக் கலந்து கொடுத்தால் கடைக்காரன் பதினெட்டையும் தட்டிப் பார்ப்பான். ஆதிச்சநல்லூர் மண்ணும் கீழடி மண்ணும் நம் பழமைக்கு நேர்மையாகச் சான்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, கரிபூசிய வெண்பாக்கள் நமக்கு எதற்கு?

மற்றொரு கொடுமையையும் நினைத்துப் பாருங்கள். இன்றைய தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவிலை அடுத்த கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில், பாண்டிய மன்னர் ஒருவர் விட்டுச்சென்ற ஏடுகள் குவிந்திருந்ததாகக் கேள்விப்பட்டு உ. வே. சாமிநாதையர் தேடி வந்தார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டோம், சாத்திரம் அப்படித்தான் சொல்கிறது என்று அங்கிருந்தோர் விடை சொன்னதை அவரே தம் வரலாற்றில் மனம் வெதும்பி எழுதியிருக்கிறார். அத்தீயில் என்னென்ன போயினவோ! மெய்யான ஏடு இங்கே எரிந்தது. பொய்யான ஏட்டுக்கு அங்கே அச்சுக்கூடம் கிடைத்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. ஏட்டைப் பார்க்கத் தெரிந்த கண்கள் போதிய அளவில் நம்மிடம் இல்லை.

ஆகையால் நம் தமிழ்த்துறைக்கு ஒரு வேண்டுகோள். இளங்கலை மாணவர்க்கே ஓலை எழுத்தைப் படிக்கவும் பாடத்தை ஒப்பிடவும் ஓராண்டுப் பயிற்சி கொடுக்கலாம். தென்காசி, மேலகரம், இலஞ்சி, செங்கோட்டை, கடையநல்லூர் என்று சுற்றுவட்டார வீடுகளில் வைத்தியம், சோதிடம், அம்மானை என்று இன்னும் சில கட்டுகள் பரணில் இருக்கக்கூடும். அவற்றை விலைக்குக் கேட்கவேண்டா, பறித்துவரவும் வேண்டா. யார் வீடு, எத்தனை ஏடு, முதல் வரி என்ன, கடைசி வரி என்ன, எழுதியவர் பெயரும் ஆண்டும் உண்டா என்று குறித்துக்கொண்டு, ஒளிப்படம் எடுத்து, ஒரு படியைச் சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்துக்கோ அனுப்பினால் போதும். நாளை ஒருவர் புதிய சங்கநூல் அகப்பட்டது என்று வந்தால், 'எந்த வீட்டுக் கட்டில் ஐயா?' என்று கேட்க அந்தக் குறிப்பேடு உதவும்.

இன்னிலையை எரிக்கவேண்டும் என்பவன் அல்லன் நான். எரித்தவர்களைப் பற்றி இப்போதுதானே வருந்தினோம். அது வ. உ. சி. அச்சிட்ட நூல், ஒரு காலத்தின் ஏக்கத்தைக் காட்டும் நூல், பதிப்பியல் வகுப்பில் பாடமாக வைக்கத் தகுந்த நூல். நூலகத்தில் அதற்கு அட்டை எழுதும்போது மட்டும் பதினெண்கீழ்க்கணக்கு வரிசையில் சேர்க்காமல், ஆசிரியர் என்ற இடத்தில் பொய்கையார் என்பதை நீக்கி, 'ஆசிரியர் ஐயத்துக்குரியவர், பதிப்பாசிரியர் வ. உ. சிதம்பரம் பிள்ளை, 1917' என்று எழுதிவிடலாம். கைந்நிலைக்குரிய அட்டையில் புல்லங்காடனார் பெயரைத் தெளிவாக எழுதவேண்டும். பெயர் கொஞ்சம் நீளம்தான், ஊரையும் தந்தை பெயரையும் சேர்த்தே எழுதலாம்.